ஓசி டிக்கெட்

'மேட்ச் டிக்கெட்டை ஓசியில் கொடுத்தால் என்ன சார்?' என்றார் பக்கத்து சீட் நண்பர். ஐ.பி.எல். டிக்கெட் விலையைப் பார்த்த வயிற்றெரிச்சல்.

கொடுத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஃபார்ச்சூனா ட்யூஸல்டார்ஃப் என்ற கால்பந்து கிளப், 2023-24 சீசனில் மூன்று மேட்சுகளை ஓசியில் காட்டியது. துட்டு ஸ்பான்சர்களுடையது. முதல் ஓசி மேட்ச்சில் 0-3 என்று உதை வாங்கிவிட்டு, கடைசியில் 4-3 ஜெயித்தார்கள். காசு கொடுத்திருந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்!

அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம ரஞ்சி மேட்சுகள் பெரும்பாலும் ஓசிதான். காலரியில் காக்காய்களுக்குத் தாராளமாக இடம் இருக்கும். 2025 ஜனவரியில் விராட் கோலி டெல்லிக்காக ரஞ்சி ஆட வந்தபோது மட்டும் விடிகாலையிலேயே க்யூ, தள்ளுமுள்ளு. கோலி 6 ரன்னில் க்ளீன் போல்டு. கூட்டம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது. டெல்லி இன்னிங்ஸ் வெற்றி பெற்றது வேறு கதை.

'அடுத்த ரஞ்சி மேட்ச்சுக்கு சேப்பாக்கம் போலாமா? ஓசிதான்' என்றேன் நண்பரிடம்.

'லீவு போடணுமே சார்!'

ஒரு நாள் கேஷுவல் லீவு. அதுதான் ஓசி டிக்கெட்டின் நிஜ விலை. அதை எந்த ஸ்பான்சரும் கொடுக்க மாட்டான்.

நானும் இதுவரை கொடுத்ததில்லை.