ஆங்கிலம் பழகுவோம்: மனதில் உள்ளதைச் சொல்ல

 

இம்மாதம் கடையில் பேசும் ஆங்கிலத்தைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தோம். அது அடுத்த மாதம் வரும். வலப்பனையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் நம் திட்டத்தை மாற்றிவிட்டது.

அவருக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து நான்கு மாதங்கள். இரவில் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிள்ளையைத் தூக்கக்கூடக் கை வரவில்லை. கிளினிக்குக்குப் போனார். டொக்டர் நல்லவர்தான், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்குத் தெரிந்ததோ மரக்கறி வாங்கும் அளவுச் சிங்களம். ஆங்கிலம் படிக்கும் பதினொரு வயது மகள்தான் கூடப் போனாள். “உம்மாவுக்கு என்ன என்று கேட்கிறார்” என்று மகள் திரும்பிப் பார்த்தபோது, அந்தப் பிஞ்சு முகத்திடம் இதை எப்படிச் சொல்வது? “தலைவலி என்று சொல்லு மகள்” என்றாராம். பனடோல் கிடைத்தது. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

“என் பிள்ளை நடுவில் நில்லாமல் நானே சொல்ல நாலு வார்த்தை கற்றுத் தாருங்கள்” என்று கேட்கிறார். நாலென்ன, இன்னும் கொஞ்சம் கூடவே தருவோம், இன்ஷா அல்லாஹ்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழிதான். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திலேயே அது எழுதப்பட்டுவிட்டது. ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆகவே தமிழில் பேச யாரும் வெட்கப்படத் தேவையில்லை. தமிழ் தெரிந்த தாதி யாராவது இருக்கிறாரா என்று கேட்பது உங்கள் உரிமை. ஆனால் டொக்டர்மார் படிப்பது ஆங்கிலத்தில், கிளினிக் கொப்பியில் எழுதுவதும் ஆங்கிலத்தில். நாம் சொல்லும் ஒரு வசனம் அப்படியே அந்தக் கொப்பியில் ஏறுமானால் நமக்குத்தானே நல்லது!

நம் மலைநாட்டுக்கு ஆங்கிலம் புதிதல்ல. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலத்துக்கும் முன்பே, கோப்பித் தோட்டங்களோடு அது மலையேறிவிட்டது. லயம், செக்ரோல், பெக்டரி, டிஸ்பென்சரி என்று அன்றாடம் எத்தனை வார்த்தைகள்! ஆனால் கவனித்துப் பாருங்கள்: எல்லாம் வேலைக்கான வார்த்தைகள், கட்டளைக்கான வார்த்தைகள். பயம், கவலை, ஏக்கம் என்று சொல்ல ஒரு வார்த்தைகூட அந்த வழியில் நமக்கு வந்து சேரவில்லை. துரைமார் அவற்றை நம்மிடம் கேட்கவுமில்லை.

சரி, பாடத்துக்கு வருவோம்.

தமிழில் உணர்ச்சிகள் நம்மிடம் வருகின்றன. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’, ‘எனக்குக் கோபம் வருகிறது’ என்கிறோம். சிங்களத்திலும் இப்படித்தான், ‘மட்ட பயயி’, ‘மட்ட துகயி’ என்பார்கள். அதனால்தான் நமக்குச் சிங்களம் சுலபமாக நாவில் ஏறுகிறது. ஆங்கிலத்தில் இந்த ‘எனக்கு’ கிடையாது. அங்கே ‘நான்’ தான் முன்னால் நிற்கும். ஐ ஆம் அஃப்ரெய்ட் – எனக்குப் பயமாக இருக்கிறது. ஐ ஆம் ஸேட் – துக்கமாக இருக்கிறது. ஐ ஆம் வொரீட் – கவலையாக இருக்கிறது. ஐ ஆம் ஆங்ரி – கோபமாக இருக்கிறது. ‘டு மீ’ என்று தொடங்கவே வேண்டாம்.

உடம்புக்கு வந்த நோயானால் ‘ஆம்’ போய் ‘ஹேவ்’ வரும். ஐ ஹேவ் ஃபீவர், ஐ ஹேவ் எ ஹெடேக். மனதுக்கு ‘ஐ ஆம்’, நோய்க்கு ‘ஐ ஹேவ்’. இதை ஒரு வாரம் அடுப்படியில் சொல்லிப் பழகினால் பாதி ஆங்கிலம் வந்துவிடும்.

இனி ஒரு எச்சரிக்கை. நாம் மனதைச் சொல்ல உடம்பைத்தான் இழுப்போம். ‘நெஞ்சு பாரமாக இருக்கிறது’ என்போம், துக்கத்தைத்தான் சொல்கிறோம். அதை அப்படியே ஆங்கிலமாக்கி டொக்டரிடம் சொன்னால் உங்களைக் கட்டிலில் படுக்க வைத்து ஈ.சீ.ஜி. எடுத்துவிடுவார்கள்! ‘வயிற்றெரிச்சல்’ என்று சொன்னால் கேஸ்ட்ரைட்டிஸ் மாத்திரை கிடைக்கும். எரிச்சல் அடங்குமா? ஆகவே மனது பாரமாக இருந்தால் ‘ஐ ஃபீல் வெரி ஸேட்’ அல்லது ‘ஐ ஃபீல் லோ’ என்று சொல்லுங்கள். உண்மையிலேயே நெஞ்சு வலித்தால் மட்டும் ‘ஐ ஹேவ் செஸ்ட் பெய்ன்’. அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

‘டென்ஷன்’, ‘மூட் அவுட்’ இரண்டும் நம் வீடுகளில் தமிழாகவே ஆகிவிட்டன. ஆங்கிலேயரிடம் ‘ஐ ஆம் டென்ஷன்’ என்றால் விழிப்பார்கள். ‘ஐ ஆம் ஸ்ட்ரெஸ்ட்’ என்பதே சரி. ‘மூட் அவுட்’ என்ற வார்த்தை அவர்களிடம் இல்லவே இல்லை, யார் கண்டுபிடித்தார்களோ! ‘ஐ ஆம் அப்ஸெட்’ என்று சொல்லலாம். ‘ஐ ஆம் போரிங்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்கு ‘நான் மற்றவர்களைச் சலிப்படையச் செய்பவள்’ என்று பொருள். சலிப்பு உங்களுக்கு என்றால் ‘ஐ ஆம் போர்ட்’. அதேபோல, வேலை டயரிங், நாம் டயர்ட்.

இப்போது அந்தச் சகோதரிக்காக. டொக்டர் உள்ளே அழைத்ததும் ‘ஹவ் ஆர் யூ?’ என்பார். நம் வாய் தானாக ‘ஃபைன்’ என்றுவிடும். நலமா என்று கேட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அது நல்ல பழக்கம். தெருவில் கேட்பவருக்கு ‘ஃபைன்’ போதும், அது வெறும் முகமன். டொக்டர் கேட்பது முகமன் அல்ல. அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு, அடுத்த வசனத்தைச் சொல்லுங்கள்: ‘ஐ ஆம் நாட் வெல், டொக்டர்.’ பிறகு, ‘ஐ கான்ட் ஸ்லீப்’ – தூக்கம் வருவதில்லை. ‘ஐ ஃபீல் லைக் க்ரையிங்’ – அழ வேண்டும் போலிருக்கிறது. ‘ஐ ஹேவ் நோ அப்பிடைட்’ – சாப்பாட்டில் மனமில்லை. ‘ஃபோர் மந்த்ஸ்’ என்று காலத்தையும் சேருங்கள். காலம்தான் டொக்டருக்கு மிக முக்கியம். ‘டிப்ரெஷன்’ என்ற பெயரை நாமே வைக்க வேண்டியதில்லை. நடப்பதைச் சொன்னால் போதும், பெயரை அவர் வைப்பார்.

பிள்ளை பெற்ற சில நாட்களில் கண் கலங்குவது பல தாய்மாருக்கு இயல்பு. அது இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்தால், டொக்டரிடமோ வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடமோ சொல்லியே ஆக வேண்டும். மருந்தும் ஆலோசனையும் உண்டு, குணமாகக்கூடியது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. பிள்ளையை அல்லது தன்னை ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே வீட்டாரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

“இதையெல்லாம் வெளியே சொல்வது ஸபூர் இல்லாமை அல்லவா?” என்று சில மாமிமார் கேட்பார்கள். யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துக்கத்தில் கண் பார்வை இழந்ததை சூரா யூஸுஃபில் ஓதுகிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் மரணித்தபோது கண்ணீர் வடித்தார்கள்; உள்ளம் துயரப்படுவதை வாயாலும் சொன்னார்கள். நோய்க்கு மருத்துவம் செய்யும்படி பணித்தவர்களும் அவர்களே. இன்னொரு வேடிக்கை: ஆங்கிலத்தில் பொறுமைசாலிக்கும் நோயாளிக்கும் ‘பேஷன்ட்’ என்ற ஒரே வார்த்தைதான். பேஷன்ட் வாய்மூடி இருந்தால் டொக்டர் என்ன செய்வார்?

மழையைப் பற்றியும் இரண்டு வரி. 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் மலை சரிந்ததை நம் மூத்தவர்கள் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலைநாட்டை மீண்டும் புரட்டியது. ‘ஐ ஆம் ஸ்கேர்ட் வென் இட் ரெயின்ஸ்’ – மழை பெய்தால் பயமாக இருக்கிறது. ‘மை சைல்ட் வேக்ஸ் அப் க்ரையிங்’ – பிள்ளை அழுதுகொண்டே எழும்புகிறது. நிவாரணம் கொண்டுவரும் வெளியார் அரிசி, பாய் பற்றித்தான் கேட்பார்கள். இதையும் சொல்லுங்கள், வீடு இழந்தது ஒரு சேதமென்றால் இதுவும் ஒரு சேதம்.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள். லண்டனில் பிறந்த பேரன் போனில் ‘ஐ மிஸ் யூ, உம்மும்மா’ என்கிறான். பஸ்ஸை மிஸ் பண்ணுவதுதானே நமக்குத் தெரியும்! இது வேறு. ‘புள்ளைக்கு உம்மாவைத் தேடுது’ என்கிறோமே, அந்தத் ‘தேடுது’ தான் இந்த ‘மிஸ்’. எனக்கும் உன்னைத் தேடுது மகன் என்பதற்கு ‘ஐ மிஸ் யூ டூ’ என்று சொல்லுங்கள். ‘ஐ லவ் யூ’ என்று அவன் சொன்னால் சினிமா வசனம் என்று முகம் சுளிக்காதீர்கள். நேசிப்பவரிடம் அந்த நேசத்தைத் தெரிவித்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் நாம் அதைச் சோற்றில் குழைத்துக் காட்டுகிறோம். போனில் சோறு ஊட்ட முடியாதே!

உங்கள் பெருநாள் உடுப்புப் படத்தைப் பார்த்துவிட்டு மருமகள் ‘ஐ ஆம் ஸோ ஜெலஸ்!’ என்று எழுதினாலும் கண்ணேறு பட்டுவிட்டதாகப் பதற வேண்டாம். பிறருடைய நிஃமத் அழியட்டும் என்று நினைப்பது ஹஸத். எனக்கும் அதுபோல் கிடைக்கட்டும் என்று ஆசைப்படுவது கிப்தா. அவள் சொன்னது இரண்டாவது. ‘தேங்க் யூ, மகள்’ என்று பதில் போட்டால் போதும்.

மையித்து வீட்டுச் செய்தி கேட்டு அடுத்த வீட்டு ஆசிரியை ‘ஐ ஆம் ஸாரி’ என்றால், அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறார். நீங்களும் அவ்வாறே, ‘ஐ ஆம் ஸாரி ஃபார் யுவர் லாஸ்’ என்று சொல்லலாம்.

வலப்பனைச் சகோதரிக்கு: மேலே உள்ள வசனங்களை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாயில் வராவிட்டால் கடதாசியை நீட்டுங்கள். மகளுக்கு வெளி வாங்கில் இருந்து தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுங்கள். போய்வந்த பிறகு எழுதுங்கள், காத்திருப்போம்.

அடுத்த மாதம் கடைத்தெரு ஆங்கிலம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.