பழைய கியரும் புதிய கியரும்

எதிர்காற்றில் மேம்பாலம் ஏறும்போது இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதிக்கும் நமக்குக் கியரின் அருமையை விளக்க வேண்டியதில்லை. பந்தய சைக்கிளில் முன்னே 52 பல், பின்னே 13 பல் எனில், பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் நான்கு முறை சுற்றும். வண்டி ஏறத்தாழ 8.4 மீட்டர் ஓடும். முன்னே 42, பின்னே 28 என மாற்றினால் 3.15 மீட்டர்தான். தூரம் குறைகிறது; காலின் பாரமும் குறைகிறது.

இந்த எளிய கணக்கை ஏற்கப் பந்தய உலகம் தயங்கியதுதான் வேடிக்கை. 1903இல் தொடங்கிய ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயத்தில், செயினைப் பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் தள்ளும் டிரெய்லியர் கருவி 1937இல்தான் எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்டது. அதற்குமுன் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்களாம்! பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சு, கியர் என்பது உடல்வலிமைக்கு இழுக்கு என்று கருதியவர்.

பின்னர் பரவிய பழைய முறையில், சட்டத்தின் சாய்குழாயில் இரண்டு சிறு நெம்புகோல்கள் இருக்கும். திருகின் உராய்வே அவற்றை நிறுத்தி வைக்கும். ஓட்டுபவர் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துக் கீழே நீட்டி, செயினின் ஓசையைக் கேட்டுக்கொண்டே சற்று அதிகமாக இழுத்து, பிறகு சிறிது தளர்த்த வேண்டும். கம்பி கொஞ்சம் நீண்டுபோனாலும் கவலையில்லை, கை சரிசெய்துகொள்ளும். 1984இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் ஒவ்வொரு பற்சக்கரத்துக்கும் ஒரு ‘கிளிக்’ வைத்தது. அதே நெம்புகோலில் பழைய உராய்வு முறைக்குத் திரும்பவும் வழி வைத்தது. தன் புதுமையைத் தானே முழுதும் நம்பவில்லை போலும்! 1990இல் கியர் பிரேக் பிடிக்கே வந்து சேர்ந்தது. 2009இல் மின்கலமும் மோட்டாரும் வந்தன.

புதியதை விரும்புவோர் பழையதைக் காயலான் கடைச் சரக்கு என்கின்றனர். பழையதை விரும்புவோர் புதியதைச் சோம்பேறியின் வண்டி என்கின்றனர். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. மலைச்சரிவில் வேகமாக இறங்கும்போது இரு கைகளும் பிரேக்கிலேயே இருக்க, விரல் நுனியால் கியர் மாறுவது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! ஆயினும், ஆளில்லாச் சமதளச் சாலையில் செயின் சரியாகப் போய் அமர்ந்ததைக் காதாலும் கையாலும் அறியும் இன்பம் வேறு. கர்நாடக இசை கேட்பவர் மெல்லிசை கேட்கக் கூடாதா என்ன? இத்தாலியின் காயோலே என்னும் சிற்றூரில் 1997 முதல் நடந்துவரும் ‘லெரோயிகா’ சவாரியில், சாய்குழாயில் நெம்புகோல் உள்ள பழைய பந்தய வண்டிகளுக்கே இடம். அங்கு செல்வோரெல்லாம் வீட்டில் புது வண்டி இல்லாதவர்களா?

என் கவலை வேறு. ஷிமானோ 2021இல் வெளியிட்ட தன் மிக உயர்ந்த வரிசையில் கம்பிமுறைக் கியரே இல்லை, மின்முறை மட்டுமே. கம்பி அறுந்தால் மாற்றுக் கம்பியும் சிறு கருவிகளும் போதும், நாமே மாட்டிக்கொள்ளலாம். மின்முறை பழுதானால் செய்தவரிடம்தான் போய் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஓட்டுபவருக்கு இருக்கட்டும் என்று கேட்பது பழமைவெறி ஆகாது. 1960களின் நெம்புகோலில் திருகை இறுக்கினால் இன்றும் வேலை செய்கிறது. இன்றைய மின்கலத்துக்கு மாற்று, நாற்பது ஆண்டு கழித்து எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை அதைச் செய்தவர்கள்தாம் சொல்ல வேண்டும்.