குளிர்சாதனத்திற்கும் ஓய்வு உண்டு

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மாற்றலாகி மல்லேஸ்வரத்தில் குடியேறியுள்ள நம்மவர்களில் பலர், கட்டில் பீரோவோடு குளிர்சாதன யந்திரத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஊர் மாறும்போது யந்திரத்தின் வாழ்க்கையும் மாறிவிடுகிறது. சென்னையில் அது ஆண்டின் பெரும்பகுதி உழைக்கும். இங்கேயோ மாசிக் கடைசியில் தொடங்கும் அதன் வேலை வைகாசியோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் சுவரில் சும்மா தொங்குகிறது. உழைக்கும் யந்திரத்தைப் பேணுவது ஒரு விதம். சும்மா இருக்கும் யந்திரத்தைப் பேணுவது வேறு விதம். பின்னதைப் பற்றியே இம்மாதம் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

பெங்களூர் கடல் மட்டத்திற்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கு வெப்பம் 39.2 டிகிரி வரை ஏறியது. 1884-ஆம் ஆண்டு ஜனவரியில் 7.8 டிகிரி வரை இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. ஆக, நம் ஊர்க் குளிர் எவ்வளவு கடுமையாயினும் நீர் உறையும் குளிர் அன்று. பனி கொட்டும் தேசங்களில் குளிர்காலம் வருமுன் ஜன்னல் யந்திரத்தைக் கழற்றி உள்ளே வைப்பார்கள். அந்த ஏற்பாடு நமக்கு அவசியமில்லை. இங்கே யந்திரத்திற்குப் பகைவர் மூவர்: ஈரம், தூசி, எலி.

முதலில் ஈரத்தைக் கவனிப்போம். குளிர்ந்த செம்பின் வெளிப்புறத்தில் நீர் துளிர்ப்பதுபோல, யந்திரத்தின் உள்ளே இருக்கும் குளிர்க் குழாய்களின்மேலும் காற்றின் ஈரம் படிந்து நீராகிறது. அந்த ஈரத்தோடு தூசியும் சேர்ந்து மாதக்கணக்கில் மூடிக்கிடந்தால் பூஞ்சணம் பூக்கிறது. மறு ஆண்டு கோடையில் விசையைத் தட்டியதும் துர்நாற்றத்தோடு முதலில் வெளிவருவது அதுவே. ஆஸ்துமா உள்ள குழந்தைகளும் முதியவர்களும் உறங்கும் அறையில் இது அற்ப விஷயமன்று.

தீபாவளிக்கும் திருக்கார்த்திகைக்கும் இடையே நல்ல வெயில் அடிக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். முன்மூடியைத் திறந்து தூசி வலையைக் கழற்றி, குழாய் நீரில் மென்மையாகக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். நீர் வடியும் குழாயின் வெளிமுனையில் மண்ணோ குளவிக்கூடோ அடைத்திருந்தால் அகற்ற வேண்டும்.

அடுத்து வெளியே இருக்கும் பெட்டியைப் பாருங்கள். நம் பேட்டையின் சம்பிகை சாலை செண்பகத்தின் பெயரையும், மார்கோசா சாலை வேம்பின் பெயரையும் தாங்கியவை. மரங்கள் நிறைந்த இவ்வூரில் சருகும் பூவும் அப்பெட்டியின் இடுக்குகளில் அடைவது சகஜம். அவற்றைத் துடைத்தெடுங்கள். புறா கூடு கட்டியிருக்கிறதா, எலியோ அணிலோ வயரைக் கடித்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். பிளாஸ்டிக் தாளால் பெட்டி முழுவதையும் இறுகச் சுற்றிக் கட்டுவது தவறு. உள்ளே ஈரம் தங்கித் துரு ஏறும். எலிக்கும் அது சுகமான வீடாகும். மழையில் நனைவதற்கென்றே செய்யப்பட்ட பெட்டி அது. மேலே இலை விழாதபடி ஒரு பலகை போதும். பெட்டி மாடிச் சுவருக்கு வெளியே இருந்தால் எவரும் எட்டிக் குனிய வேண்டாம். அந்த வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள். சில ரூபாய் மிச்சத்திற்காக உயிரைப் பணயம் வைத்தல் ஆகாது.

வலை நன்றாக உலர்ந்தபின் அதனைப் பொருத்தி, குளிர்ச்சி இல்லாமல் வெறும் விசிறி மட்டும் சுழலும்படி யந்திரத்தை இரண்டு மூன்று மணி நேரம் ஓட விடுங்கள். உள்ளிருக்கும் ஈரம் இதனால் உலர்ந்துவிடும். இதனைச் செய்யாமல் மற்ற யாவும் செய்தாலும் பலன் குறைவே. பிறகு மெயின் சுவிட்சையும் ஸ்டெபிலைசரையும் அணைத்து, ரிமோட்டில் உள்ள பாட்டரிகளை எடுத்துவிடுங்கள். பழைய பாட்டரி கசிந்தால் ரிமோட் பாழாகும்.

இனி, பணம் சம்பந்தப்பட்ட விஷயம். “ஆண்டுதோறும் காஸ் நிரப்ப வேண்டும்” என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கிப்போகிறவர்கள் உண்டு. 1934-ஆம் ஆண்டு பிராண்டியர் மெயிலில் குளிர்பதன வசதி செய்தபோது, வண்டியின் அடியில் பனிக்கட்டிகளை அடுக்கி, அவற்றால் குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்தினார்கள். பனிக்கட்டி உருகத் தீர்ந்தது. வழியிலுள்ள ஸ்டேஷன்களில் மீண்டும் நிரப்பினார்கள். இன்றைய யந்திரம் அப்படிப்பட்டதன்று. அதிலுள்ள காஸ் அடுப்புக் காஸைப்போல எரிந்து தீர்வதும் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே காஸ் ஆவியாகியும் திரவமாகியும் சுற்றிச் சுற்றி வந்து, அறையின் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. சும்மா இருப்பதால் அது குறையாது. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் காஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும்.

ஆகையால், சென்ற கோடையின் முடிவுவரை நன்றாகக் குளிர்ந்த யந்திரத்திற்குக் காஸ் நிரப்பச் சம்மதிக்காதீர்கள். குறைவு என்று மெக்கானிக் சொன்னால், அழுத்தத்தை அளந்து காட்டும்படியும், கசியும் இடத்தைக் காட்டும்படியும் கேளுங்கள். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பசை தென்படுவது கசிவிற்கு ஓர் அடையாளம். புதிய யந்திரங்கள் பலவற்றில் உள்ள ஆர்-32 என்ற காஸ் சிறிதளவு தீப்பற்றும் தன்மை உடையது. வேலை நடக்கும்போது ஜன்னல்களைத் திறந்து வைத்து, நெருப்பை அருகில் கொண்டுவராதிருத்தல் நலம். அந்தக் காஸ் வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் 675 மடங்கு பூமியை வெப்பமாக்கும். கசிவை அடைப்பது நம் பணப்பைக்கு மட்டுமன்றி ஊருக்கும் நன்மையாகும்.

ஆயுத பூஜையன்று யந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறவர்கள் நாம். கார்த்திகையில் அரை நாள் உழைப்பையும் அவற்றிற்கு அளிப்போமாக.