"கொழுகொழு"ன்னா ஆரோக்கியமா?

வீட்டுக்கு வருகிறவர்கள் குழந்தையைத் தூக்கியதும் முதலில் கேட்பது, "என்ன, பிள்ளை இளைச்சுப் போயிட்டான், சரியா சாப்பாடு போடுறதில்லையா?" என்றுதான். இந்த ஒரு பேச்சுக்குப் பயந்தே நம்மில் பல பேர் பிள்ளையின் வாயில் திணிக்கிறோம். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா எல்லாருக்கும் தாயை எடை போட பிள்ளைதான் தராசு!

கைக்குழந்தை கொழுகொழுவென்று இருப்பதில் தப்பில்லை. அந்தச் சதை, ஓடியாட ஆரம்பித்ததும் தானே வடியும். பொதுவாக ஐந்து, ஆறு வயதில் பிள்ளைகள் ஒல்லியாகத் தெரிவார்கள். அதற்குப் பிறகே மறுபடி சதை பிடிக்கும். இது இயற்கை. ஆனால் நாம் சரியாக அந்த நேரம் பார்த்து, "தேறவே இல்லையே" என்று சத்து பானம், நெய், பிஸ்கட் என ஆரம்பிக்கிறோம். அந்தச் சதை மூன்று, நாலு வயதிலேயே பிடிக்க ஆரம்பித்தால், பின்னால் குண்டாகும் வாய்ப்பு அதிகம் என்கிறார்கள் டாக்டர்கள்.

டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களைப் பெரியவர்களாகும் வரை எடை, உயரம் பார்த்து வந்து, 2004ல் ஆய்வு வெளியிட்டார்கள். சர்க்கரை நோயோ, அதன் ஆரம்ப நிலையோ வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வயது வரை ஒல்லியாக இருந்து, பிறகு மளமளவென்று எடை ஏறினவர்கள். வேடிக்கை என்னவென்றால், 12 வயதில் அவர்களில் ஒருவர்கூட குண்டு இல்லையாம்! பார்வைக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. அதற்காக ஒல்லிப் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லவில்லை. பருப்பு, முட்டை, கீரை கொடுத்தால் உயரமும் சேர்ந்துதானே ஏறும்?

பெண் பிள்ளை என்றால் இன்னொரு கஷ்டம். சின்ன வயதில் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சின அதே சொந்தக்காரர்கள், எட்டாவது படிக்கும்போது "இப்படி ஊதினா யாரு கட்டிப்பா?" என்பார்கள். அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம்! பருவ வயதில் அளவுக்கு மீறிக் குண்டாக இருப்பவர்களில் பத்துக்கு எட்டு பேர் பெரியவர்களானதும் அப்படியேதான் இருக்கிறார்களாம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை.

அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்துக் குறிக்கிறார்கள். ஐந்து வயதானதும் அந்த அட்டையைப் பரணில் போட்டு விடுகிறோம். பல பள்ளிகளில் ரேங்க் கார்டிலேயே உயரம், எடை எழுதித் தருகிறார்கள். கையெழுத்துப் போடும்போது மார்க்கைத் தவிர வேறு எதையாவது பார்க்கிறோமா? அடுத்த முறை கார்டு வந்தால், போன வருஷத்துக் கார்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயரம் அதிகம் ஏறாமல் எடை மட்டும் கூடியிருந்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

- ஒரு குடும்பத் தலைவி, திண்டுக்கல்.