மனைத் தூய்மை

கெடிலமும் தென்பெண்ணையும் கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த நகரம் கடலூர். அதற்குத் தெற்கே உள்ளது சிதம்பரம். சிதம்பரத்தின் வடபால் வெள்ளாறும், தென்பால் கொள்ளிடமும் ஓடிக் கடலை அடைகின்றன. அவ்விரண்டு ஆற்று முகங்களுக்கும் இடையே பிச்சாவரத்து அலையாத்திக் காடு பரந்து கிடக்கின்றது. இறாலும் நண்டும் மீனும் தம் இளமைப் பருவத்தை அக்காட்டு வேர்களின் இடையே கழித்து வளர்கின்றன. வலைஞர் குடும்பங்கள் பல அவற்றால் வாழ்கின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இக்காட்டின் பின்னே இருந்த சிற்றூர்கள் பெருஞ்சேதத்தினின்றும் தப்பின. 2022ஆம் ஆண்டில் இக்காடு, உலகச் சிறப்புடைய ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிற்று. வேதிப்பொருள் செய்யும் ஆலைகள் பல அங்கே அமைந்தன. பேட்டையின் அருகே உப்பனாறு ஓடுகின்றது. காற்றில் எழும் நெடி குறித்தும், கிணற்று நீரின் கேடு குறித்தும், ஆற்றில் மீன் குறைந்தமை குறித்தும் அப்பகுதி மக்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். அவர்தம் முறையீடு நேரியதே. ஆயினும், ஆற்றை அடையும் நஞ்சு ஆலையின் வாயிலிலிருந்து மட்டும் வருவதன்று. இல்லத்தின் முற்றத்திலிருந்தும் வருகின்றது. இரண்டும் ஓரளவின அல்ல. ஆலையின் பொறுப்பை அடுக்களையின் தலையில் ஏற்றுதல் நேர்மையாகாது. எனினும், ஆலையைத் திருத்தப் பலர் கூட வேண்டும். முற்றத்தைத் திருத்த அவ்வீட்டார் போதும்.

திருப்பாதிரிப்புலியூரில் இக்காலத்து இல்லம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். கழிவறைக்கு ஒரு புட்டி. அதனுள் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். தரைக்கு வேறொன்று, கண்ணாடிக்கு மற்றொன்று, பாத்திரத்திற்கு ஒரு கட்டி, துணிக்கு ஒரு தூள், வடிகாலுக்குப் பிளீச்சிங் பவுடர் எனப்படும் வெளுப்புத்தூள். ஒன்றில் போகாத கறை இரண்டில் போகும் என்று எண்ணி, வெளுப்புத்தூள் இட்ட இடத்தில் அமிலத்தையும் ஊற்றுவார் உளர். அவ்விரண்டும் கலந்த அளவில் குளோரின் வாயு எழுகின்றது. முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு, பெல்ஜியம் நாட்டுப் போர்க்களத்தில் மனிதரைக் கொல்ல விடப்பட்ட வாயு அதுவே. கதவடைத்த சிறு அறையில் அதனை மூச்சில் இழுப்பவர் மூச்சுத் திணறி வீழ்தல் வியப்பன்று. மேலும், அமிலமும் வெளுப்புத்தூளும் மிகுதியாகச் சென்றால், மலத்தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. சிதையாத கழிவு விரைந்து நிறைகின்றது.

முன்னோர் இல்லங்களில் தூய்மை இல்லாமலா இருந்தது? பாத்திரம் தேய்ப்பதை 'விளக்குதல்' என்று கூறுவது தமிழ் வழக்கு. ஆசிரியர் பொருளை விளக்குவதும், அன்னை செம்பை விளக்குவதும் ஒரே சொல்லாற் குறிக்கப்பெறுகின்றன. மறைந்து கிடந்த ஒளியை வெளிப்படுத்துதல் இரண்டிற்கும் பொது. அடுப்புச் சாம்பலே அன்று பாத்திரம் விளக்கும் பொருள். விறகின் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட்டு என்னும் காரம் உண்டு. அக்காரம் பாத்திரத்தில் ஒட்டிய எண்ணெயோடு சேர்ந்து அங்கேயே சிறிது சோப்பாக மாறி அழுக்கை நீக்குகின்றது. முதியோர் சோப்பைச் 'சவுக்காரம்' என்பர். ஈழத் தமிழர் 'சவர்க்காரம்' என்பர். இச்சொற்களில் ஒலிப்பதும் அக்காரமே. செம்பும் பித்தளையும் மங்கினால் புளி தேய்ப்பர். புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் மேற்படிந்த களிம்பைக் கரைக்கும். சீயக்காயிலும் பூவந்திக் கொட்டையிலும் சபோனின் என்னும் பொருள் இருத்தலின் அவை நுரைத்து அழுக்ககற்றும். பூவந்தியைப் பூந்திக்கொட்டை என மக்கள் வழங்குவர். பத்துப் பன்னிரண்டு கொட்டைகளின் விதையை நீக்கி, தோலை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்துக் கொதிக்கவைத்து வடித்தால், தரை துடைக்கவும் மெல்லிய துணி துவைக்கவும் ஏற்ற நீர் கிடைக்கும். மூன்று நான்கு நாட்களுக்கு மேல் வைத்தால் அது புளித்துக் கெடும்.

அக்காலத்து இல்லங்களில் கருதத்தக்கது மற்றொன்றும் உண்டு. பாத்திரம் கழுவிய நீர் கொல்லைப்புறத்து வாழைக்குச் சென்றது. இல்லத்தரசி எதனைக் கொண்டு கழுவினாளோ அதன் பயனை அவ்வாழை காட்டிற்று. கேடான பொருளாயின் இலை கருகும். காரணத்தை ஆராய வேறு ஆய்வாளர் வேண்டியதில்லை. இன்றோ வாழை இருந்த இடத்தில் சிமெண்டுத் தளம் உள்ளது. கழுவிய நீர் குழாயில் இறங்கிச் சாக்கடையில் புகுந்து வாய்க்காலை அடைந்து கழிமுகம் நோக்கிச் செல்கின்றது. அங்கே இறால் குஞ்சு மடிந்தாலும் வீட்டார் கண்ணுக்கு அது புலனாவதில்லை. பொருள் மாறியது பாதிக் கேடு. பயன் கண்ணுக்கு மறைந்தது மீதிக் கேடு.

இனி, 'இயற்கை' என்னும் பெயரைக் கண்ட அளவில் மயங்குவோர்க்கும் ஒன்று கூற வேண்டும். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்தது தில்லை மரம். அம்மரம் பிச்சாவரத்தில் இன்றும் வளர்கின்றது. அதன் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணிற் பட்டால் பார்வைக்கே ஊறு செய்யும். பண்ணுருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் மகளிரின் விரல்கள் வெந்திருப்பது எதனால்? கொட்டைத் தோட்டின் எண்ணெயால். இவையும் இயற்கை தந்தனவே. பூவந்தி நீரும் கண்ணிற் பட்டால் எரியும். குளத்தில் மிகுதியாகக் கலந்தால் மீன் மயங்கும். எலுமிச்சைச் சாற்றை வெளுப்புத்தூளோடு சேர்த்தாலும் நச்சுக்காற்று எழும். கடப்பைக்கல் மேடையில் அச்சாறு பட்டால் கல் வெளுத்துப் போகும். எலுமிச்சை ஓவியமும் வேம்பின் மணமும் புட்டியின் மேல் இருத்தலால் உள்ளே இருப்பது எலுமிச்சையோ வேம்போ ஆகிவிடாது. சலவைச் சோடா ஆலையில் செய்யப்படுவது. எனினும் அளவோடு பயன்படுத்தினால் அமிலத்தினும் தீங்கு குறைந்தது. ஆதலின் பிறந்த இடத்தை வினவுவதினும், கழுவிய பின் என்னாகும் என்று வினவுதல் நன்று.

ஆலைப் பொருளும் திருந்தக் கூடியதே. 1950களில் மேனாட்டு ஆறுகளில் துணித்தூளின் நுரை மலைபோல் எழுந்து மிதந்தது. அத்தூளின் மூலப்பொருள் நுண்ணுயிர்களாற் சிதையாமையே காரணம். 1961ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனி, சிதையும் பொருளையே பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் இயற்றிற்று. ஆலையாளர் மூலப்பொருளை மாற்றினர், நுரையும் தணிந்தது.

பழைய முறைக்குத் திரும்புக என்று எளிதிற் கூறிவிடலாம். ஆனால் தேய்ப்பவர் யார்? சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்க்கக் கைவலி வேண்டும். அவ்வலிமையைப் பெண்டிரும் கூலிக்கு வருவோருமே செலவிட்டனர். விரைவுத் தூள் அவர்க்கு விடுதலையாகவே தோன்றிற்று, அத்தோற்றம் பொய்யுமன்று. ஆயின் அமிலத்தால் வெடிக்கும் விரல்களும் அவருடையனவே. கறை பழுக்க விடாமல் நாள்தோறும் துலக்குதலும், அப்பணியில் வீட்டிலுள்ள ஆடவரும் பிள்ளைகளும் பங்கு கொள்ளுதலும் இன்றி இம்மாற்றம் நிலைக்காது. எரிவாயு அடுப்பு வந்தபின் சாம்பலும் அரிதாயிற்று. சாம்பலுக்காகப் புகையடுப்பை மீண்டும் மூட்டச் சொல்வார் அடுக்களைப் புகையை அறியாதவர்.

கடுமையான பொருள் தேவைப்படும் காலமும் உண்டு. 2015ஆம் ஆண்டு இறுதியில் கடலூர் மாவட்டம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு வேப்பிலை போதாது. அளவறிந்து இடும் வெளுப்புத்தூளே வாந்திபேதியைத் தடுக்கும். அத்தகைய நாளுக்கு உரியதை நாள்தோறும் முற்றத்தில் கொட்டுவதே தவறு.

சிதம்பரத்தில் கொல்லைப்புறம் மூடப்படாத இல்லங்களில் வெள்ளிக்கிழமைக்கு முன்னாள் குத்துவிளக்குகள் புளி கொண்டு துலக்கப்படுகின்றன. பித்தளை மஞ்சள் ஒளி வீசுகின்றது. புளிச்சக்கை குப்பைக்குழிக்குச் செல்ல, கழுவிய நீர் வரப்பின் வழியே ஓடி வாழையின் அடியிற் சென்று தங்குகின்றது.