வார இறுதிக்கு மலை போதும், பனி வேண்டாம்

வெள்ளி இரவு சென்னையில் விமானம், சனி ஞாயிறு மணாலியில் பனி, திங்கள் காலை அலுவலகம். இப்படியொரு பயணம் கேட்டு வருபவர்களுக்குச் சென்னையை அடுத்த கோவளத்தில் இயங்கும் மலையேற்றக் குழு இனி ஒரே பதிலைத்தான் சொல்லும்: முடியாது. பனிப்பகுதிக்குப் போக விரும்புபவர் குறைந்தது ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வரட்டும்.

டெல்லியிலிருந்து மணாலிக்குப் பேருந்திலேயே ஓர் இரவு போய்விடும். நேரத்தைவிடப் பெரிய சிக்கல் உடம்பு. கோவளத்துக்காரர் அன்றாடம் தூங்குவது கடல்மட்டத்தில். 2,500 மீட்டரைத் தாண்டினாலே பலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரலாம். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்கிறார்கள் மலை மருத்துவர்கள். பனி பார்க்கப் பலரும் தேர்ந்தெடுக்கும் கேதார்காந்தாவின் உச்சி சுமார் 3,800 மீட்டர். இரண்டு நாளில் இந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்?

உடுப்பையும் பார்க்க வேண்டும். மணாலி சாலையோரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் ரப்பர் பூட்ஸும் கோட்டும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று படமெடுக்கப் போதும். உள்ளே இருப்பதோ ஜீன்ஸும் பருத்தி சாக்ஸும். பனி உருகி ஜீன்ஸ் முழங்கால்வரை நனைந்தால் அங்கே அது காயாது. காற்றும் சேர்ந்தால் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கிவிடும்.

2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்ரதால் பாதையில் கர்நாடகத்திலிருந்து போன 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் இறந்தார்கள். அவர்கள் அவசரமாக ஓடிப்போய் ஓடிவந்தவர்கள் அல்ல, பல நாள் பயணமாகத்தான் போயிருந்தார்கள். நாள் ஒதுக்கிப் போனவர்களுக்கே இந்தக் கதி.

நம்மூர் மலைகளும் விளையாட்டுத் திடல் அல்ல. 2018 மார்ச் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. காய்ந்த புல் நிறைந்த சரிவு. தீ மேல்நோக்கிப் பாயும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. 23 உயிர்கள் போயின. சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வார இறுதிக்காக வந்த இளைஞர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர்.

அதனால் மலையே வேண்டாம் என்று குழு சொல்லவில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் உள்ளன. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருகிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதைக்குக் கோவளத்திலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம். குழுவின் வார இறுதி நடைகள் இனி அனுமதி உள்ள பாதைகளில் மட்டுமே. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரையான காட்டுத்தீக் காலத்தில் எந்த நடையும் கிடையாது. முன்பணம் கட்டியிருந்தாலும் கிடையாது.

புதிதாகச் சேர்பவர்கள் முதலில் திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை முதுகுப்பையோடு ஏறி இறங்க வேண்டும். இதற்கு முகம் சுளிப்பவர்கள் உண்டு. கோவளத்தில் சர்ஃபிங் பழகுபவரை முதல் நாளே பெரிய அலைக்கு அனுப்புவதில்லையே, அப்போது மட்டும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை!

வாசகர்களிடம் குழு கேட்பது இதுதான்: எந்த அமைப்போடு போனாலும் பணம் கட்டுமுன் அந்தத் தேதிக்கும் அந்தப் பாதைக்குமான வனத்துறை அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.