வேண்டாத மெயில் ஐடியும் வீட்டுக் கணினியும்



வேலையை விட்டு வந்த கம்பெனியின் மெயில் ஐடி, படிப்பை முடித்துவிட்ட மகனின் கல்லூரி முகவரி, விடுமுறைக்கு வந்த அண்ணன் மகன் அவசரத்துக்குத் திறந்த ஜிமெயில் என்று பல வீட்டுக் கணினிகளில் யாருக்கும் வேண்டாத கணக்குகள் வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுக்க யாரும் கை வைப்பதில்லை. “எடுத்தால் உள்ளே இருக்கும் மெயில் எல்லாம் போய்விடுமோ?” என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயம் வேண்டாம். ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் போன்றவற்றில் வரும் கடிதங்கள் அந்தந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. கணக்கைக் கணினியிலிருந்து எடுத்தால் அந்தக் கணினிக்கும் சர்வருக்கும் உள்ள தொடர்பு மட்டுமே அறும். போனிலோ வேறு கணினியிலோ பாஸ்வேர்டு போட்டுத் திறந்தால் அத்தனை கடிதங்களும் அங்கே இருக்கும். வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுப்பது வேறு, வீட்டையே இடிப்பது வேறு. நம்மில் பலர் முன்னதைச் செய்யப் போகிறோம் என்று தெரியாமல் பின்னதை நினைத்து நடுங்குகிறோம்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. பழைய அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற மெயில் மென்பொருள்களில் பாப் என்ற முறையில் மெயிலை அமைத்திருந்தால், கடிதங்கள் கணினிக்கு இறங்கிய பிறகு சர்வரிலிருந்து அழிந்திருக்கக்கூடும். அப்போது இருப்பது உங்களிடம் உள்ள அந்த ஒரே பிரதிதான். கணக்கை எடுக்கும் முன் எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐமேப் முறை என்றால் இந்தக் கவலை இல்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது குரோம் பிரவுசர்தான். அண்ணன் மகன் தன் ஜிமெயிலைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். முகவரிப் பட்டைக்கு வலப்பக்கம் சிறு வட்டத்துக்குள் அவன் படம் அப்படியே இருக்கிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை. அடுத்த வாரம் அம்மா வங்கிக் கணக்கைத் திறக்கிறார். “பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா?” என்று குரோம் கேட்கிறது. அம்மா சரி என்கிறார். அந்த பாஸ்வேர்டு அம்மாவின் கணக்குக்குப் போகாமல் அந்தப் பையனின் கூகுள் கணக்கில் போய் உட்கார்ந்துவிடலாம். அவன் நல்ல பையன்தான். ஆனாலும் அது அவனிடம் இருக்க வேண்டிய பொருள் இல்லை. அம்மா தேடிய மருந்தின் பெயரும் அப்படித்தான்.

அந்த வட்டத்தைத் தொட்டால் யாருடைய கணக்கு திறந்திருக்கிறது என்று தெரியும். அவருக்கெனத் தனி புரொஃபைல் இருந்தால், புரொஃபைல் பட்டியலில் மூன்று புள்ளிகளைத் தொட்டு டெலீட் கொடுக்கலாம். அதில் உங்கள் பாஸ்வேர்டு எதுவும் சேமித்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இருந்தால் அந்த பாஸ்வேர்டையே மாற்றிவிடுவது நல்லது. வெறும் ஜிமெயில் மட்டும் திறந்திருந்தால் சைன் அவுட் செய்யுங்கள். அதற்குப் பிறகும் ‘எந்தக் கணக்கு?’ என்று கேட்கும் பக்கத்தில் பெயர் நிற்கும். அடியில் உள்ள ‘ரிமூவ் ஆன் அக்கவுண்ட்’ என்பதைத் தொட்டால் பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்புக் கழித்தல் குறி வரும். அதைத் தொட்டால் போய்விடும். உங்கள் கணக்கை வேறு யார் வீட்டுக் கணினியிலாவது விட்டுவிட்டு வந்தீர்களா? அங்கே திரும்பிப் போக வேண்டியதில்லை. கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் ‘யுவர் டிவைசஸ்’ என்ற பட்டியல் இருக்கிறது. அங்கிருந்தே அந்தக் கணினியை வெளியேற்றலாம்.

விண்டோஸ் கணினியில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், ஈமெயில் அண்டு அக்கவுண்ட்ஸ் என்று போனால் கணக்குகள் வரிசையாக நிற்கும். வேண்டாததைத் தொட்டால் ரிமூவ் பட்டன் வரும். ஒரு கணக்குக்கு மட்டும் அந்தப் பட்டன் வராது. அது கணினியையே திறக்கப் பயன்படும் மைக்ரோசாஃப்ட் கணக்கு. அதை எடுக்க வேண்டுமானால் ‘யுவர் இன்ஃபோ’ பக்கத்தில் லோக்கல் அக்கவுண்டுக்கு மாறும் வழி இருக்கிறது.

அதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் தானாகவே பூட்டி வைக்கப்படுகிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்படுகிறது. கணக்கை மூடிய பிறகு ஒருநாள் கணினி அந்த எண்ணைக் கேட்டால் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். அதைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். இரண்டாவது ஒன்டிரைவ். போட்டோவுக்குப் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அந்தப் போட்டோ கணினிக்குள் இல்லை, மைக்ரோசாஃப்டிடம்தான் இருக்கிறது. கல்யாணப் போட்டோக்களை முதலில் கணினிக்கு இறக்கிக்கொண்டு அப்புறம் கணக்கைத் தொடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ‘அதர் யூசர்ஸ்’ பகுதியில் ஒருவர் பெயரை நீக்கினால் கணினியில் அவர் வைத்திருந்த கோப்புகளும் சேர்ந்தே அழியும். அந்தப் பட்டனிலேயே ‘டேட்டா’ என்ற சொல் இருக்கிறது.

ஆபீஸ் மெயிலைச் சொந்த லேப்டாப்பில் போட்டவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். டீம்ஸையோ வேர்டையோ ஆபீஸ் முகவரியால் முதன்முதலில் திறக்கும்போது, ‘இந்தக் கணினியை நிர்வகிக்க என் நிறுவனத்தை அனுமதிக்கிறேன்’ என்ற பொருளில் ஒரு கட்டம் டிக் அடித்தபடியே வரும். அவசரத்தில் எல்லோரும் ஓகே கொடுத்துவிடுவார்கள். நிறுவனம் அப்படி அமைத்திருந்தால், உங்கள் காசில் வாங்கிய லேப்டாப்புக்கு அவர்கள் விதி போடலாம். தூரத்திலிருந்தே அதில் உள்ளதை அழிக்கவும் முடியும். வேலையை விட்ட பிறகும் அந்தத் தொடர்பு தொங்கிக்கொண்டிருப்பது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். அக்கவுண்ட்ஸ் பக்கத்தில் ‘ஆக்சஸ் ஒர்க் ஆர் ஸ்கூல்’ என்ற இடத்தில் டிஸ்கனெக்ட் கொடுங்கள்.

இதுவரை சொன்னது கணினியிலிருந்து எடுப்பது. முகவரியையே மூடுவது என்றால் நிதானம் வேண்டும். நம் ஊரில் நிறையப் பேருடைய முதல் மெயில் ஐடி பிரவுசிங் சென்டரில் உருவானது. தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில், கடைக்காரரே ஏதோ ஒரு பெயரில் உருவாக்கி, பாஸ்வேர்டை ஹால் டிக்கெட் பிரிண்ட் அவுட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருப்பார். அந்த ஐடியைத்தான் பிறகு பான் கார்டு, பாஸ்போர்ட், பி.எஃப்., வருமான வரி, ரயில் டிக்கெட் என எல்லாவற்றுக்கும் கொடுத்திருப்போம். முதலில் அங்கெல்லாம் போய் முகவரியை மாற்றுங்கள். ரெகவரி எண்ணாகக் கடைக்காரரின் நம்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு மூடலாம். மூடிய ஜிமெயில் முகவரியை நீங்களோ வேறு யாருமோ மீண்டும் புதிதாகப் பதிவு செய்ய முடியாது.

சில கணக்குகளுக்கு வேண்டாதது என்ற பெயரே பொருந்தாது. கணவர் இறந்த பிறகும் அவர் மெயில் ஐடியைக் கணினியில் அப்படியே வைத்திருக்கும் சகோதரிகள் உண்டு. அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. எடுக்கவும் வேண்டாம். ஆனால் 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை கூகுள் 2023-இல் கொண்டுவந்துவிட்டது. அவருடைய கடிதங்களும் படங்களும் உங்களுக்கு வேண்டுமானால், கூகுள் டேக்அவுட் வழியாக ஒரு பிரதி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிறவர்களும் ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ என்ற இடத்தில், தமக்குப் பிறகு கணக்கு யாரிடம் போக வேண்டும் என்று இப்போதே குறித்து வைக்கலாம். அதிகபட்சம் 10 பேர் பெயரைத் தரலாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பழைய லேப்டாப்பை விற்கவோ உறவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ பலர் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். வேண்டியவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு, கணக்குகளை எல்லாம் எடுத்து, ரீசெட் செய்த பிறகே கைமாற்றுங்கள். சர்வீஸ் கடைக்காரரிடம் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு வருவது வேண்டாம். இதை நீங்களே செய்ய முடியும்.

எங்காவது தடங்கினால் எங்களுக்கு எழுதுங்கள். திரையில் என்ன வருகிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் பதில் சொல்கிறோம். கடிதத்தில் பாஸ்வேர்டை மட்டும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்